பெல்ட் க்ளிப் மேல் போட்ட பழி

தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டு இரண்டாவது நாள். இந்தோனேசியாவில் தபோனியோ நங்கூரப் பகுதியில் ஏற்றிய நிலக்கரி, ஹோல்டு என்கிற சரக்கு அறைகள் ஐந்திலும் நிறைந்திருந்தது. துறைமுகத்துக்குள் இடம் காலியாக இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும் என்றார்கள். ஊர் பக்கத்தில் நங்கூரம் போட்ட கப்பலில் செல்போன் சிக்னல் கிடைக்கிற மூலை ஒன்று எப்படியும் இருக்கும். எங்களுக்கு அது, கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜின் பக்கவாட்டில் நீளும் விங்கின் ஓரம். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் அங்கே போய் வீட்டோடு பேசிவிட்டு வந்தார்கள். எங்கள் போசன், அதாவது டெக் ஆட்களின் தலைவர், தூத்துக்குடிக்காரர். முந்தின ராத்திரி கரையில் தெரிந்த விளக்குகளைக் காட்டி, "அந்தா, அந்தச் செவப்பு லைட்டுக்கு எடது பக்கம் நம்ம தெரு" என்று, பயிற்சியில் இருந்த கேடட் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்தத் தெருவைப் பார்த்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

நான் அப்போது தேர்ட் ஆபீசர். எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். அதனால் எல்லார் முன்னாலும் அவருக்கு நான் 'தேர்ட் சாப்', தனியாக இருக்கும்போது 'தம்பி'. எனக்கு அவர் எப்போதும் அண்ணாச்சிதான். பழைய கப்பல்காரர்கள் போசனைச் சராங்கு என்பார்கள், சுக்கான் பிடிப்பவரைச் சுக்கானி என்பார்கள். இப்போது அதெல்லாம் போய்விட்டது. ஆனால் டெக்கில் எந்தக் கயிறு எப்போது அறுக்கும் என்று காதாலேயே கண்டுபிடிக்கிற ஆள் இன்னும் அந்த ஒருவர்தான்.

தேர்ட் ஆபீசர் என்றால் காலை எட்டு முதல் பன்னிரண்டு, இரவு எட்டு முதல் பன்னிரண்டு வாட்ச். அதோடு உயிர்காப்புப் படகு, தீயணைப்புச் சாதனம், லைஃப் ஜாக்கெட், மூச்சுக் கருவி எல்லாவற்றையும் பராமரிப்பதும் அவன் வேலை. அதாவது கப்பலின் பாதுகாப்புச் சாமான்கள் அத்தனைக்கும் பொறுப்பு நான். காற்றில் என்ன வாயு எவ்வளவு என்று அளக்கிற கேஸ் மீட்டர் என் அறைக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அன்று மதியம் வாட்ச் முடித்துச் சாப்பிட்டுவிட்டு டெக்குக்குப் போனேன். மூன்றாம் ஹோல்டுக்குள் ஆள் இறங்குகிற சின்ன மூடியின் திருகுகள் துரு ஏறி இறுகிக் கிடந்தன. அந்த மூடியைப் பூபி ஹாட்ச் என்போம். கரையிலிருந்து ஆள் வருவதற்குள் அதை இளக்கி கிரீஸ் போடவேண்டும், ரப்பரையும் பார்க்கவேண்டும். நான், கேடட், போசன். உள்ளே இறங்கப் போவதில்லை, மூடியைத் திறப்பது மட்டும்தான் என்பதால் ஆபத்தான வேலைக்கு எழுதுகிற அனுமதிச் சீட்டு, பெர்மிட், எதுவும் எழுதவில்லை. மூடியைத் தூக்கி நிறுத்தியதும் கேடட் ரப்பரைப் பார்க்கக் குனிந்தான். இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி கழன்று உள்ளே விழுந்தது. இரண்டு தடவை இரும்பில் மோதிய சத்தம். எட்டிப் பார்த்தால், ஏணியின் முதல் தளத்தில், சுமார் மூன்று மீட்டர் கீழே, அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போன மாதம்தான் ஒரு வாக்கி-டாக்கி கடலில் விழுந்து, சீஃப் ஆபீசர் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசியிருந்தார். கேடட்டின் முகம் வெளுத்துவிட்டது. "விடுடா, எடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டு நான் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டேன். ஏணியின் முதல் படி தட்டுப்பட்டது. இரண்டாவது காலையும் எடுத்து வைத்தேன்.

"ஏல! எங்கல எறங்குத! மேல ஏறுல!"

சட்டைக் காலர் கழுத்தை இறுக்கியது. போசன் ஒரு கையில் கிரீஸ் டப்பாவோடு, இன்னொரு கையால் என் பாய்லர் சூட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருந்தார். நான் டெக்கில் மல்லாக்க விழுந்தேன். ஒரு ஆபீசரைப் போசன் 'ல' போட்டுப் பேசியதையும் காலரைப் பிடித்து இழுத்ததையும் கேடட் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

"மீட்டர எடுத்துட்டு வாங்க சாப்" என்றார், மூச்சு வாங்க.

எடுத்து வந்தேன். மீட்டரின் குழாயை மெதுவாக இறக்கினோம். விளிம்பில் ஆக்சிஜன் 20.9, வெளிக்காற்றில் இருக்கிற அளவு. ஓர் ஆள் ஆழத்தில் 16. தளத்தில், வாக்கி-டாக்கிக்குப் பக்கத்தில், 7. அதற்குள் மீட்டர் அலற ஆரம்பித்திருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்து.

நிலக்கரி சும்மா கிடக்காது. காற்றில் உள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும், சூடேறும், கார்பன் மோனாக்சைடை விடும். சில நிலக்கரி மீத்தேனும் விடும். இந்தோனேசிய நிலக்கரி சூடேறுவதில் பேர் போனது. தானாகச் சூடேறுகிற கரி என்றால் ஹோல்டை இறுக மூடிவைக்க வேண்டும், காற்று விட்டால் உள்ளே நெருப்புக்குத் தீனி போட்டதுபோல் ஆகும். மூடிவைத்தாலோ உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், கப்பல் எப்போதும் தீப்பிடிக்காத பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். தபோனியோவிலிருந்து வந்த வழியெல்லாம் தினமும் ஹாட்ச் மூடியில் உள்ள துளை வழியாக இதே மீட்டரை வைத்து இதே ஹோல்டின் ஆக்சிஜனை அளந்து ரிஜிஸ்டரில் எழுதியது யார்? நான்தான். அன்று காலைகூட எழுதியிருந்தேன். எழுதிய எண்ணும் இறங்கிய காலும் ஒரே ஆளுடையவை. ஆனால் அவற்றுக்கிடையில் என் மண்டையில் எந்தத் தொடர்பும் ஏற்படவில்லை.

நிலக்கரிக்கு மட்டும் உள்ள குணமில்லை இது. அறுத்த மரம், மரத்துண்டு, பழைய இரும்பு எல்லாம் ஆக்சிஜனைத் தின்னும். சரக்கே வேண்டாம், வெறும் துரு போதும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியும் நங்கூரச் சங்கிலி கிடக்கிற அறையும் துருவினாலேயே ஆளைக் கொல்லும்.

எங்கள் ஊரில் தூர் வார ஆள் இறங்குமுன் தாத்தா அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விடுவார். விளக்கு அணைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. வேப்பங்கொப்பைக் கட்டி மேலும் கீழும் அசைத்து வெகு நேரம் காற்றைக் கலக்குவார். சின்ன வயதில் அதை ஏதோ சாங்கியம் என்று நினைத்திருக்கிறேன். நிலக்கரி ஹோல்டில் தாத்தாவின் விளக்கை இறக்கினால் மீத்தேன் இருந்தால் கப்பலே போய்விடும், அது வேறு. ஆனால் தாத்தாவுக்குப் புரிந்திருந்தது கப்பல் படிப்பு படித்த பேரனுக்கு அந்த நிமிஷத்தில் புரியவில்லை.

நம் செய்தித்தாள்களில் 'விஷவாயு தாக்கி' என்று ஒரு சொற்றொடர் உண்டு. கழிவுநீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் ஆள் செத்தால் அச்சு மாறாமல் வரும். பல நேரம் விஷவாயு உண்மைதான். மலக்குழியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், கப்பலின் கழிவுத் தொட்டியிலும் இருக்கும், அதிகமானால் மூக்கின் மோப்பத்தையே அணைத்துவிடும். ஆனால் 'தாக்கி' என்று படித்துப் படித்து, ஏதோ ஒன்று நம்மேல் பாயும், நெடி வரும், இருமல் வரும், அப்போது ஓடிவந்துவிடலாம் என்ற நினைப்பு நமக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எதுவும் தாக்காது. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வு வருவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, உடம்பில் கரியமில வாயு சேர்வதால். ஆக்சிஜன் இல்லாத காற்றையும் நாம் சுகமாகத்தான் உள்ளே இழுத்து வெளியே விடுவோம். மூச்சு முட்டாது, தலை சுற்றுகிறது என்று தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். ஆறு சதவீதத்துக்குக் கீழே என்றால் சில மூச்சே போதும். ஏழு என்றால் எத்தனை மூச்சு என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "எறங்கிப் பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

இதில் இன்னொரு கொடுமை, ஒரு ஆள் விழுந்தால் அடுத்த ஆள் இறங்குவது. நான் விழுந்திருந்தால் கேடட் இறங்கியிருப்பான். சத்தியமாக இறங்கியிருப்பான், தன்னால்தானே என்று. 2007 செப்டம்பரில் வட கடலில் வைக்கிங் ஐலே என்ற கப்பலில் நடந்ததைப் பயிற்சிகளில் சொல்வார்கள். எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குப் பக்கத்தில் நின்று, ஆபத்து என்றால் ஆட்களைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ள கப்பல் அது. மீட்புதான் அவர்களுடைய தொழில். நங்கூரச் சங்கிலி ஆடி ஆடிச் சத்தம் போடுகிறது, கட்டிவிட்டு வரலாம் என்று சங்கிலி அறைக்குள் இறங்கியவர் விழுந்தார். அடுத்தவர் உதவிக்கு இறங்கி அவரும் விழுந்தார். மூன்றாமவர் சிலிண்டரோடு கூடிய மூச்சுக் கருவியை மாட்டிப் பார்த்தார், சங்கிலி அறையின் வாய் குறுகல், அதோடு நுழைய முடியவில்லை. தப்பி ஓடுவதற்கென்று மட்டும் வைத்திருக்கிற சின்ன முகமூடிக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று பேரும் செத்தார்கள், ஒரு சங்கிலியின் சத்தத்துக்காக. ஒரு வாக்கி-டாக்கிக்காக இறங்கப்போன எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கவோ ஆச்சரியப்படவோ உரிமையில்லை.

2014 மே மாதம் இங்கிலாந்தின் கூல் துறைமுகத்தில் சுன்டிஸ் என்ற கப்பலிலும் இப்படித்தான் மூன்று பேர். சரக்கு அறுத்த மரம். பிறகு அளந்து பார்த்தபோது டெக் மட்டத்தில் 20.9 சதவீதம், நடுவில் 10, ஏணியின் அடியில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். மேலே நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், முகத்தில் கடற்காற்று அடிக்கும். படிப்படியாக மரணத்துக்குள் இறங்குவது என்று கதைகளில் எழுதுவார்களே, இங்கே அது ஏணிப்படி கணக்கு.

விதிகள் இல்லாமல் இல்லை. 2015 ஜனவரியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடிய இடத்திலிருந்து ஆளை மீட்கிற பயிற்சி கட்டாயம். 2016 ஜூலையிலிருந்து கப்பலில் கேஸ் மீட்டர் இருந்தே ஆகவேண்டும். அந்தப் பயிற்சியை எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன்! மயங்கி விழுந்தவனாக நடிக்க எப்போதும் ஒல்லியான கேடட்டைத்தான் போடுவோம், தூக்க வசதி. நூறு கிலோ மோட்டார்மேன் மேலே நின்று கைதட்டிக்கொண்டிருப்பார். நிஜத்தில் விழப்போவது அவர்தான் என்றால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. பயிற்சி நடக்கிற இடமும் நன்றாகக் காற்று விட்டு, முந்தின நாளே பெருக்கித் துடைத்த தொட்டி. போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பவேண்டும் அல்லவா.

காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் கப்பல் பாதுகாப்பைப் பேச முடியாது. இன்றைக்குக் கப்பலில் உள்ள பாதுகாப்புக் காகிதங்களுக்கெல்லாம் தாய் ஐஎஸ்எம் கோட் என்கிற சர்வதேசப் பாதுகாப்பு விதித்தொகுப்பு. 1998 ஜூலையில் பயணிகள் கப்பல், டேங்கர், எங்களுடையது மாதிரி நிலக்கரியை அப்படியே கொட்டி ஏற்றுகிற பல்க் கேரியர்களுக்கும் 2002 ஜூலையில் மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. அதற்குப் பின்னால் இருப்பது 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்துக்கு வெளியே ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்த ராத்திரி. முன்பக்கக் கதவை மூடாமலே கப்பல் கிளம்பிவிட்டது. மூடவேண்டிய ஆள் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். 193 பேர் போனார்கள். தூங்கியவர் மேல் பழியைப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் விசாரணை மேலே போனது. கதவு மூடியிருக்கிறதா என்று பிரிட்ஜில் காட்டுகிற விளக்கு ஒன்று வேண்டும் என்று கேப்டன்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதற்குக் கேலியாகக் குறிப்பு எழுதிப் போட்டிருந்தார்கள். எனக்கு அந்த விபத்தில் மறக்க முடியாத பகுதி அந்தக் கேலிதான். ஐஎஸ்எம் வந்த பிறகு ஒவ்வொரு கம்பெனியும் கப்பல்காரன் நேரடியாகப் பேசக்கூடிய ஒரு ஆளைக் கரையில் நியமிக்க வேண்டும், அந்த ஆளுக்கு முதலாளி வரைக்கும் நேராகப் போகிற வழி இருக்கவேண்டும் என்று விதியானது. அவர் பெயரும் போன் நம்பரும் மெஸ் ரூம் சுவரில் ஒட்டியிருக்கும். அந்த நம்பரைச் சுற்றிய ஆள் ஒருவரைக்கூட என் கப்பல் காலத்தில் நான் சந்தித்ததில்லை.

ஓய்வு நேரக் கணக்கும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி. அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் போடக்கூடாது, ஒரு துண்டு ஆறு மணியாவது இருக்கவேண்டும். நல்ல விதி. கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு கட்டம், மீறினால் சிவப்பாகும். துறைமுகத்துக்குள் போகிற நாளில் நங்கூரம் தூக்கு, பைலட் ஏணி போடு, கயிறு கட்டு, சர்வேயரோடு டிராஃப்ட் (கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று) பார், அப்புறம் உன் வாட்ச். இதில் பத்து மணி எங்கிருந்து வரும்? கட்டம் சிவப்பானால் ஆபீசிலிருந்து காரணம் கேட்டுக் கடிதம் வரும், கூடுதல் ஆள் வராது. அதனால் கட்டம் பச்சையாகவே இருக்கும். கப்பல் பாஷையில் இதற்கு ஃப்ளாகிங் என்று பெயர், உட்கார்ந்த இடத்தில் எழுதி நிரப்புவது. கயிறு அறுந்து அடித்துக் கால் போனவர்களைப் பற்றிய கதைகளில் கயிற்றின் தரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அங்கே நின்ற ஆள் எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பது பச்சைக் கட்டத்துக்குள் புதைந்து கிடக்கும். அன்று மதியம் நான் தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில்தான் டெக்கில் இருந்தேன். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லமாட்டேன். தூங்கி எழுந்து வந்திருந்தாலும் இறங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

சரி, மூடியை மூடினோம். வாக்கி-டாக்கி உள்ளேயே கிடந்தது. சாயங்காலம் மூடியின் மேல் காதை வைத்தால் லேசாகக் கேட்டது: பிரிட்ஜிலிருந்து கேப்டன் பேசுவது, நங்கூரப் பொசிஷன் கேட்பது, யாரோ சிரிப்பது. ஆக்சிஜன் இல்லாத இருட்டில் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கேடட் இரண்டு மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தான். ராத்திரி என் வாட்ச் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துபோனது.

அன்று எட்டு மணி வாட்ச்சுக்குப் போகும் வழியில் போசன் வந்தார். "மத்தியானம் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க தம்பி. வாயில வந்துட்டு." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே சொன்னார், ரொம்ப நாளைக்கு முன்னால் வேறொரு கப்பலில், தொட்டிக்குள் இறங்கிய கூட்டாளி ஒருவனுக்கு மேலே நின்று கயிறு பிடித்தது இவர்தானாம். கயிறு திடீரென்று கனத்ததாம். அவ்வளவுதான் சொன்னார். இழுத்தாரா, ஆள் வந்தானா என்று நான் கேட்கவில்லை.

நியர் மிஸ் ரிப்போர்ட் எழுதவேண்டும். ஆள் சாகாமல் தப்பிய சம்பவத்தை எழுதி அனுப்பினால் மற்ற கப்பல்கள் பாடம் படிக்கலாம் என்பது ஏற்பாடு. எங்கள் கம்பெனியில் மாதத்துக்கு இத்தனை என்று கணக்கு இருந்தது. கணக்கு இருந்தால் கற்பனையும் வளரும்: 'ஏபி (டெக் மாலுமி) கையுறை அணியாமல் இருந்ததைக் கண்டு அறிவுறுத்தப்பட்டார்', 'படிக்கட்டில் எண்ணெய்த் துளி காணப்பட்டுத் துடைக்கப்பட்டது'. மாதக் கடைசியில் மெஸ் ரூமில் உட்கார்ந்து இப்படி ஏழெட்டு எழுதியிருக்கிறேன். முதல்முறையாக என் கையில் நிஜமான ஒன்று இருந்தது. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி சீஃப் ஆபீசரிடம் கொடுத்தேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகப் படித்தார். "பெர்மிட் இல்லாமல் நிலக்கரி ஹோல்டைத் திறந்திருக்கிறீர்கள், சம்பந்தப்பட்டது சேஃப்டி பார்க்கிற ஆபீசர், கூட இருந்தது கேடட். இதை அனுப்பினால் அடுத்த கப்பலில் உனக்கு செகண்ட் மேட் பதவி உயர்வு கிடைக்காது. அந்தப் பையனுக்கு நல்ல ரிப்போர்ட்டும் போடமுடியாது. யோசித்துக்கொள்" என்றார். யோசித்தேன். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'வாக்கி-டாக்கியின் பெல்ட் க்ளிப் பழசாகித் தளர்ந்திருந்ததால் சரக்கு அறைக்குள் தவறி விழுந்தது. யாருக்கும் காயமில்லை' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கப்பல் உள்ளே போனது. ஹாட்ச் திறந்து, காற்று விட்டு, மீட்டரில் 20.9 பார்த்து, பெர்மிட் எழுதி, கையெழுத்துகள் வாங்கி, கேடட் இறங்கி வாக்கி-டாக்கியை எடுத்து வந்தான். கரித்தூளைத் துடைத்து சார்ஜில் போட்டதும் வேலை செய்தது. போசன் அந்தத் துறைமுகத்திலேயே சைன் ஆஃப் ஆகி வீட்டுக்குப் போக வேண்டியவர். ஆள் மாற்றும் காகிதம் வரத் தாமதமாகி இரண்டு நாள் கூட ஆனது. அந்த இரண்டு நாளும் கேட்டுக்கு வெளியே வந்து நின்ற வீட்டுக்காரர்களோடு போனிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

அவர் இறங்குகிற அன்று காலை ஆபீசிலிருந்து எல்லாக் கப்பல்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் கப்பலின் பேர் போடாமல், அண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைக் குறிப்பிட்டு, எல்லா வாக்கி-டாக்கிகளின் பெல்ட் க்ளிப்பையும் உடனே பரிசோதிக்கவேண்டும், கயிறு போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளவேண்டும், செய்து முடித்ததற்குப் போட்டோ அனுப்பவேண்டும் என்று. மெஸ் ரூமில் ஒட்டியிருந்ததைப் போசன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று படித்தார். இங்கிலீஷ் அவருக்கு மெதுவாகத்தான் வரும், விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"க்ளிப்பு மேலயா போட்டிய?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குகிற கேங்வே படிக்கட்டுப் பக்கம் நடந்தார். நான் மற்ற கப்பல்கள் மாதிரியே பதினான்கு வாக்கி-டாக்கிக்கும் கயிறு கட்டி, வரிசையாக வைத்து, போட்டோ எடுத்து அனுப்பினேன்.